ஸ்டேஜ் 1 ரீமேப் முதல்லயா, பிரேக்கும் டயரும் முதல்லயா?

விர்ட்டஸ்_கோவை:
வணக்கம் மக்களே. என்னோடது 2023 ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி, 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 28,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. ஒன்றரை லட்சம் ஒதுக்கி வெச்சிருக்கேன், ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேர மட்டும் மாத்தி பவர் ஏத்தறது) போடலாம்னு இருந்தேன். நண்பர் ஒருத்தர் முதல்ல பிரேக், டயரப் பாருங்கறார். வேகம் வேணும்னா இன்ஜின்ல தானே காசு போடணும்? தினசரி ஆபீஸ் ஓட்டம், வாய்ப்பு கிடைக்கறப்ப செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குல நாலு லேப் போடணும்னு ஆசை.

பூஸ்ட்_பிரியன்:
ரீமேப் தான் ப்ரோ, இதுல யோசிக்கவே வேண்டாம். கம்பெனிக்காரன் ஒரே இன்ஜின வெச்சு சுமாரான பெட்ரோலு, மலை, 42 டிகிரி வெயிலு எல்லாத்தையும் சமாளிக்கணும், அதனால பூஸ்ட்லயும் (டர்போ உள்ள தள்ளற காத்தோட அழுத்தம்) இக்னிஷன்லயும் (ஸ்பார்க் விழற நேரம்) நிறைய இடம் விட்டு வெச்சிருப்பான். நல்ல ட்யூனர் அந்த இடத்தத் தான் எடுத்துக்கறான். ஒரு போல்ட்டு கூட கழட்டாம இவ்வளவு வித்தியாசம் வேற எதுலயும் வராது, டர்போ வண்டிக்கு இருக்கற பெரிய வரமே அதான்.

லேப்டைம்_அண்ணாச்சி:
தம்பி, அந்த இடத்த அவன் சும்மா விட்டு வெக்கல, நம்ம ஊரு சித்திரை வெயிலுக்குத் தான் விட்டு வெச்சிருக்கான். அது கிடக்கட்டும், கணக்கு ஒண்ணு சொல்றேன். 1,250 கிலோ வண்டி 100ல போறப்ப நிறுத்தணும்னா பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 480 கிலோஜூல் சொச்சம், அதே வண்டி 140ல வந்தா 940ஐத் தாண்டிரும். வேகம் 40 சதவீதம் தான் கூடுச்சு, சூடு கிட்டத்தட்ட ரெட்டிப்பு. கரி ட்ராக்கு மொத்தமே 2.1 கிலோமீட்டர், ஒரு திருப்பம் முடிஞ்சு பிரேக் ஆறறதுக்குள்ள அடுத்தது வந்துரும். டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் புதுசா இருக்கறப்ப 230 டிகிரிக்கு மேல தான் கொதிக்கும், ஆனா அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஈரம் ஏறிட்டா 155 டிகிரி வரைக்கும் இறங்கிரும். கொதிச்சா உள்ள ஆவி சேந்து பெடல் பிடிக்காது. எனக்கே நடந்துச்சு. ரெண்டு வருஷமா ஃப்ளூயிட் மாத்தாத பழைய ஹாட்ச்பேக்க ட்ராக்குல இறக்கி, நாலாவது லேப்ல பெடல் தரை வரைக்கும் போச்சு, வண்டி மண்ணுல போய் நின்னுச்சு. பக்கத்துல என் மச்சான் உக்காந்திருந்தான், அந்த நிமிஷத்த இன்னிக்கும் மறக்க முடியல.

அப்புறம் அந்த ட்ராக்குக்கு பேரு வந்ததே கரிவரதன் ஐயாவால தான். மாருதி 800ல இருந்த 796 சிசி இன்ஜின எடுத்து ஒத்த சீட்டு ஃபார்முலா மாருதி செஞ்சவர். நரேன் கார்த்திகேயன் கூட அந்த வண்டியில ரேஸ் ஓட்டி வந்தவர் தான். குட்டி இன்ஜின், எடை கம்மி, திருப்பத்துல வேகத்த விடாம கொண்டு போகக் கத்துக்கறது, அவ்வளவு தான் பாடம்.

பூஸ்ட்_பிரியன்:
அண்ணா, ஃப்ளூயிட் மாத்தணும்னு ஒத்துக்கறேன், அது சில ஆயிரத்துல முடியற வேலை. அதுக்காக ரீமேப்ப ஏன் தள்ளிப் போடணும்? ரெண்டும் பண்ணலாமே. எக்ஸ்பி100, அதான் 100 ஆக்டேன் பெட்ரோல், ஊத்தினா நாக் (கலவை தாறுமாறா பத்தி இன்ஜின் தட்டறது) பயமும் இல்ல.

உலர்_க்ளட்ச்:
ஒரு விஷயத்த யாருமே தொடல. அந்த 1.5ல இருக்கற 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் டிக்யூ200ங்கற மாடல், ஆயில்ல முங்காத உலர் க்ளட்ச். அதோட டார்க் (சுழற்று விசை) வரம்பு 250 என்எம் (நியூட்டன் மீட்டர்). வண்டி ஷோரூம்ல இருந்து வர்றப்பவே 250 என்எம் தான், அதாவது ஏற்கனவே விளிம்புல நிக்குது. ரீமேப்ல 300, 320னு ஏத்தறீங்க, ட்யூனர் கியர்பாக்ஸ் சாஃப்ட்வேர்லயும் லிமிட்டர ஏத்தி விடுவான், ஆனா அங்க மாறினது ஒரு நம்பர் மட்டும் தானே, உள்ள இருக்கற க்ளட்ச் தகடு அதே தகடு. மேனுவலா இருந்தா நான் இவ்வளவு வாதாட மாட்டேன்.

பூஸ்ட்_பிரியன்:
வரம்பு தாண்டி வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க ஜி. டார்க்க 2,000 ஆர்பிஎம்ல மொத்தமா கொட்டாம மேல நகர்த்தி வெச்சா க்ளட்ச்சுக்கு அடி கம்மி, அது மேப் எழுதறவன் கையில இருக்கு.

லேப்டைம்_அண்ணாச்சி:
அது சரியான பேச்சு. கீழ் ஆர்பிஎம்ல பூஸ்ட ஏத்தறது இந்த மாதிரி சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு ஆகவே ஆகாது, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே கலவை பத்திக்கும், ஒரே அடியில பிஸ்டன் உடைஞ்ச கதையெல்லாம் உண்டு. ஆயிலாவது ஏபிஐ எஸ்பி தரத்துல இருக்கணும், 2020ல வந்த அந்தத் தரத்துல இதுக்குன்னே சோதனை இருக்கு. ஆனா தம்பி, 100 ஆக்டேன் ஊத்தினா பயமில்லன்னு சொல்றத மட்டும் ஏத்துக்க மாட்டேன். 100க்குன்னு எழுதின மேப்ப வெச்சுக்கிட்டு வழியில கிடைச்ச சாதா பெட்ரோல ஊத்தினா என்ன ஆகும்? நாக் சென்சார் இக்னிஷன பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும், காசு குடுத்து வாங்கின பவர் அங்கயே போச்சு.

விர்ட்டஸ்_கோவை:
க்ளட்ச் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி ஜி. அப்ப இப்போதைக்கு ஃப்ளூயிட், பேட், நல்ல டயர். ரீமேப் போடறதுக்கு முன்னாடி வண்டி எந்த நிலமையில இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பூஸ்ட்_பிரியன்:
லாக் எடுங்க ப்ரோ, அதாவது வண்டி இழுக்கறப்ப சென்சார் நம்பரெல்லாம் பதிவு பண்ணுங்க. ரோட்டுல வேண்டாம், டைனோவுல (உருளை மேல வண்டிய ஓட்டி பவர் அளக்கற மெஷின்). மூணாவது கியர்ல 2,000ல இருந்து 6,000 வரைக்கும் ஒரே இழு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இக்னிஷன் எத்தன டிகிரி பின்வாங்குது, உள்ள வர்ற காத்தோட சூடு, கேட்ட பூஸ்ட்டும் கிடைச்ச பூஸ்ட்டும், ஃப்யூல் ரெயில் ப்ரஷர், லேம்டா (காத்தும் பெட்ரோலும் சரியான கலவையில இருக்கான்னு காட்டற நம்பர்), இவ்வளவும் வேணும். ஏஎஃப்ஆர் (காத்து-பெட்ரோல் விகிதம்) நம்பர நம்பாதீங்க, சரியான கலவை வெறும் பெட்ரோலுக்கு 14.7, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்கு 13.5 பக்கத்துல வரும், லேம்டால மட்டும் எதுக்கும் 1 தான். முதல் இழுப்ப விட மூணாவது இழுப்பு முக்கியம், காத்த ஆற வெக்கற இன்டர்கூலர் சூடானதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு அதுல தான் தெரியும். ஒரு சிலிண்டர் மட்டும் தனியா பின்வாங்கினா முதல்ல ப்ளக்கையும் காயிலையும் பாருங்க.

உலர்_க்ளட்ச்:
அதோட க்ளட்ச் டெம்பரேச்சரையும் சேத்து லாக் பண்ணுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ட்ராஃபிக்ல ஊர்ந்து வந்த கையோட ஒண்ணு. ரெண்டையும் இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.