எஃப்4 விசாவில் வந்த குடும்பம்: மகளின் கல்லூரிக்கு ஃபாஃப்சா நிரப்புவது எப்படி?

எடிசன் அக்கா (கேள்வி):

வணக்கம். அமெரிக்கக் குடிமகளாக, உடன்பிறந்தவனுக்காக 2006-இல் நான் போட்ட எஃப்4 குடியேற்ற மனு ஒருவழியாக முடிந்து, தம்பி குடும்பம் பிப்ரவரி 2026-இல் நியூஜெர்சி வந்து சேர்ந்திருக்கிறது. தம்பி, அவன் மனைவி, போன வருடம் திருநெல்வேலியில் பிளஸ் டூ முடித்த 18 வயது மகள், 15 வயது மகன். நாலு பேரும் இப்போதைக்கு எங்கள் வீட்டில்தான். மகளை வரும் செப்டம்பரில் கல்லூரியில் சேர்க்க வேண்டும். 2026-27 கல்வி ஆண்டுக்கான ஃபாஃப்சாவில் (கூட்டரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பம்) மூன்று இடத்தில் நிற்கிறோம்.

ஸ்பான்சர் நான் என்பதால் என் வருமானத்தையும் காட்ட வேண்டுமா? பிள்ளை பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத கூட்டரசு உதவித்தொகை) வாங்கினால், ஐ-864-இல் (ஸ்பான்சரின் ஆதரவு உறுதிமொழி) கையெழுத்துப் போட்ட என்னிடம் அரசு அதைத் திரும்பக் கேட்குமா?

படிவம் 2024 வருமானத்தைக் கேட்கிறது. அந்த வருடம் தம்பிக்கு இந்தியச் சம்பளம் மட்டும்தான், ஐடிஆர் போட்டிருக்கிறான். அவன் மனைவிக்கு வருமானமே இல்லை.

கிரீன் கார்டு அட்டை இன்னும் தபாலில் வரவில்லை, பாஸ்போர்ட்டில் விசாவும் முத்திரையும் மட்டும் இருக்கின்றன. அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வரவு செலவு (பதில்):

உங்கள் வருமானம் வேண்டாம். ஃபாஃப்சா கேட்பது மாணவியையும் பெற்றவர்களையும் பற்றி மட்டுமே. அத்தை வீட்டில் தங்கியிருந்தாலும் அத்தை அதில் வரமாட்டார். குடும்ப எண்ணிக்கை 4 என்றே போடுங்கள், உங்கள் வீட்டு ஆட்களைச் சேர்க்காதீர்கள். வாடகை இல்லாமல் தங்குவதும் உங்கள் வீட்டுச் சாப்பாடும் இப்போதைய படிவத்தில் கேட்கப்படுவதில்லை.

ஐ-864 பற்றிய பயத்தை விடுங்கள். சில அரசு உதவிகளுக்கு ஸ்பான்சரின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிட, கொடுத்ததை அவரிடம் திரும்பக் கேட்க, சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பிரிவில் வரும் மாணவர் உதவிகளுக்கு அதிலிருந்து வெளிப்படையாக விலக்கு தந்திருக்கிறார்கள். பெல் கிராண்ட், ஒர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே செய்யும் வேலை), டைரக்ட் லோன் (கூட்டரசு கல்விக் கடன்) எல்லாம் அதில் அடங்கும். இந்தப் பயத்தால் விண்ணப்பிக்காமலே விடுவது பிள்ளைக்குப் பெரிய நஷ்டம். 2026-27-க்கு பெல் கிராண்டின் உச்சவரம்பு 7,395 டாலர்.

இந்திய வருமானத்துக்கு வருவோம். அமெரிக்காவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ரிட்டர்ன் போட்டிருந்தால் ஒருவர் மட்டும் படிவத்தில் வந்தால் போதும். இந்தியாவில் கூட்டு ரிட்டர்ன் என்பதே கிடையாது. அதனால் தம்பி, தம்பி மனைவி இருவருமே ‘கான்ட்ரிபியூட்டர்’. பணம் கட்டப் பொறுப்பேற்பதாக அதற்கு அர்த்தமில்லை, தகவல் தருபவர் அவ்வளவுதான். இருவரும் ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் தனித்தனி மின்னஞ்சலோடு தனித்தனிக் கணக்கு திறக்க வேண்டும். சரிபார்க்கச் சில நாள் ஆகலாம், ஆகவே கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ஒப்புதல் பக்கத்தில். வருமானமே இல்லாத அம்மாவும் “வரித்துறைத் தகவலைப் பெற ஒப்புக்கொள்கிறேன்” என்று கொடுத்தே ஆக வேண்டும். “எனக்குத்தான் இங்கே வரிக் கணக்கே இல்லையே” என்று மறுத்தால் எஸ்ஏஐ எண் (குடும்ப வசதியைக் காட்டும் எண், அது ஏறினால் உதவி குறையும்) கணக்கிடப்படாது, மாணவிக்குக் கூட்டரசு உதவி ஒரு டாலரும் வராது.

1040 (அமெரிக்க வருமான வரிப் படிவம்) போட்டீர்களா என்ற கேள்விக்கு இருவருமே ‘இல்லை’. அடுத்து வரும் தேர்வுகளில் தம்பிக்கு ‘வெளிநாட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்தார்’, மனைவிக்கு ‘வருமானம் ஈட்டவில்லை’. தொகைகளை ரூபாயில் போட்டுவிடாதீர்கள். 9,60,000 ரூபாயை அப்படியே அடித்தால் கணினி அதை ஒன்பதரை லட்சம் டாலராகத்தான் எடுத்துக்கொள்ளும். படிவம் நிரப்பும் நாளின் மாற்று விகிதத்தில் டாலராக்குங்கள். ஒரு டாலர் 88 ரூபாய் என்றால் அது 10,909 டாலர். அன்றைய விகிதத்தை அச்செடுத்து ஐடிஆரோடு வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்ப்புக்குத் தேர்வானால் கல்லூரி கேட்கும்.

பெயர்ப்பொருத்தம் (பதில்):

அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம். குடியேற்ற விசாத் தாளின் அடியில் உள்ள வரியைப் பாருங்கள்: நுழைவு முத்திரை விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அதுவே தற்காலிக ஐ-551 (கிரீன் கார்டுக்கு இணையான சான்று) என்று அச்சிட்டிருக்கும். கல்லூரிகள் அதை ஏற்கும். படிவம் கேட்கும் ஏ-நம்பர் (குடியேறியவரின் பதிவு எண்), அதே விசாவில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்’ என்ற இடத்தில் இருக்கிறது. ஏ எழுத்துக்குப் பின் 9 இலக்கம் வர வேண்டும், 8 தான் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம். பாஸ்போர்ட் எண்ணையோ விசாவின் சிவப்பு எண்ணையோ அங்கே போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் குடியேற்றத் துறையின் பதிவோடு பொருந்தாது.

நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் ‘மு. கயல்விழி’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில், சிலருக்கு அந்த இடம் காலி. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயரே குடும்பப்பெயராகிவிடும், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். படிவத்தில் பெயர், பிறந்த தேதி இரண்டும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்க வேண்டும். அட்டையிலேயே தவறு என்றால் எஸ்எஸ்-5 படிவத்தோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் போய் முதலில் அதைத் திருத்துங்கள், கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு கணக்கு திறங்கள்.

அப்படியும் குடியேற்ற நிலை உறுதியாகவில்லை என்று விடை வந்தால், புதிதாக இன்னொரு படிவம் போட வேண்டாம். பாஸ்போர்ட் மூலத்தைக் கல்லூரியின் உதவி அலுவலகத்தில் காட்டினால் அவர்களே அடுத்த கட்டச் சரிபார்ப்புக்கு அனுப்புவார்கள். ஆவணம் கொடுக்க 30 நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பது விதி.

பிளஸ் டூ சான்றிதழ், டிசி இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியப் படிப்பை மதிப்பீடு செய்து கொண்டுவரச் சில கல்லூரிகள் கேட்கும், சில கேட்காது.

எடிசன் அக்கா:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஊரில் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மகள் பெயரில் கொஞ்சம் எஃப்டி இருக்கிறது. அதையெல்லாம் சொல்ல வேண்டுமா? நியூஜெர்சி மாநில உதவியும் உடனே கிடைக்குமா?

வரவு செலவு:

குடியிருக்கும் வீட்டுக்குத்தான் விலக்கு. தம்பி குடியிருப்பது உங்கள் வீட்டில், ஆகவே திருநெல்வேலி வீடு ‘முதலீடு’. இன்றைய விலையில் கடனைக் கழித்து டாலரில் போட வேண்டும். பரம்பரைச் சொத்து என்றால் அவருடைய பங்கு மட்டும். உடுத்தும் நகை, கார், வீட்டுச் சாமான் எதுவும் கேட்கப்படுவதில்லை.

எஃப்டி விஷயத்தைக் கவனியுங்கள். பெற்றோர் சொத்தில் 12 விழுக்காடுதான் கணக்குக்குள் வரும், அதிலும் ஒரு பகுதியே எஸ்ஏஐ-இல் ஏறும். மாணவி பெயரில் இருந்தால் நேராக 20 விழுக்காடு. 10,000 டாலருக்கு 2,000 ஏறும். இருப்பதை மறைக்கக் கூடாது, ஆனால் இனிமேல் அவள் பெயரில் புதிதாகப் போடாதீர்கள். தனியார் கல்லூரி சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (தனியான நிதி விவரப் படிவம்) கேட்டால் அது இன்னும் துருவும், அதற்குத் தனியாகத் தயாராகுங்கள்.

மாநில உதவி இந்த செப்டம்பருக்குச் சிரமம். டேக் எனும் மாநில உதவித்தொகைக்கு 12 மாதம் தொடர்ந்து நியூஜெர்சியில் வசித்திருக்க வேண்டும், உங்களுக்கு அது பிப்ரவரி 2027-இல்தான் நிறையும். அரசுக் கல்லூரிகளின் உள்ளூர்க் கட்டணம் (மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம்) வேறு கணக்கு. 12 மாதத்துக்குக் குறைவு என்றால் ‘வெளியூர்’ என்று முதலில் கொள்வார்கள், ஆனால் ஆதாரம் காட்டி அதை மாற்ற முடியும். தம்பியின் ஓட்டுநர் உரிமம், வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, மகனின் பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றையும் இங்கேயே நிரந்தரமாக வாழ வந்ததற்குச் சான்றாகத் திரட்டுங்கள். எடிசனிலேயே உள்ள மிடில்செக்ஸ் கல்லூரியில் முதல் பில் வருவதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது, பில் வந்தபின் மாற்ற அலைச்சல் அதிகம்.

பெயர்ப்பொருத்தம்:

ஒன்று சேர்க்கிறேன். ஃபாஃப்சா எப்போதும் இரண்டு வருடம் பின்னோக்கிப் பார்க்கும். 2026-27, 2027-28 இரண்டுக்கும் 2024, 2025-இன் இந்திய வருமானம், டாலரில் சிறியது, உதவி நன்றாக வரும். 2028-29-இல் 2026-இன் அமெரிக்கச் சம்பளம் வந்துவிடும், அந்த வருடம் பெல் குறையலாம். நாலு வருடக் கணக்கை முதல் வருட உதவிக் கடிதத்தை வைத்துப் போடாதீர்கள். மாறாக, புறப்படும் முன் நிலம் விற்ற லாபத்தால் ஒரு வருட வருமானம் மட்டும் பெருத்துத் தெரிந்தால், கல்லூரியிடம் ‘புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்’ (தனிச் சூழலைப் பார்த்துக் கணக்கைத் திருத்தும் அதிகாரம்) கேளுங்கள்: விற்பனைப் பத்திரம், இப்போதைய சம்பளச் சீட்டு, ஒரு பக்கக் கடிதம். அவர்கள் முடிவே இறுதி, கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது. அதனால் கடிதத்தில் தேதியும் தொகையும் தெளிவாக இருக்கட்டும்.