ஒரு குழிக்கு இரண்டு கிரீன்: ஜப்பானின் பழைய முறை தேவையா?

மேட்டுநிலம்:
சைதாமா மாநிலத்தின் கவாகோயேயில் உள்ள கசுமிகசேகி கோல்ஃப் மைதானம் 1929-ல் திறக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக மைதான வடிவமைப்பாளர் டாம் ஃபாசியோவும் மகன் லோகனும் அதன் கிழக்கு மைதானத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு குழியிலும், அதாவது ஒவ்வொரு ஆட்டப்பாதையின் முடிவிலும், அக்கம்பக்கமாக இருந்த இரண்டு கிரீன்களை (பந்தை உருட்டித் துளையில் விழவைக்கும் வழவழப்பான புல்தரைகளை) நீக்கி ஒன்றாக்கினார்கள். பாரம்பரியம் அழிந்தது என்கிறார்கள் சிலர். எனக்கு அது மீட்பாகவே தெரிகிறது. 1930 இறுதியில் ஜப்பான் வந்த ஆங்கிலேய மைதான வடிவமைப்பாளர் சார்லஸ் அலிசன் இந்த மைதானத்தையும் திருத்தியவர். ஆழமான மணற்பள்ளத்தை அங்கே இன்றும் 'அலிசன் பங்கர்' என்றுதான் அழைக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து கிரீனை நெருங்குவது என்று ஆட்டக்காரரை யோசிக்க வைப்பதே அந்தப் பள்ளத்தின் வேலை. கிரீனை இடம் மாற்றினால் அது எதைக் காக்கும்?

வெயில்காலம்:
வடிவத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறீர்கள், புல்லைப் பாருங்கள். கிரீனில் வளர்க்கும் பென்ட் புல் குளிர்நாட்டுப் பயிர். அதே சைதாமாவின் குமகாயாவில் 2018 ஜூலையில் 41.1 டிகிரி பதிவானது. புழுக்கமான இரவுகளில் பென்ட் புல்லின் வேர் சுருங்கும், பூஞ்சை ஏறும். கிரீனுக்கான இன்னொரு வகையான கோராய் புல் வெயிலைத் தாங்கும், ஆனால் குளிர்காலத்தில் பழுத்துப் படுத்துவிடும். அதனால்தான் கோடைக்கு ஒன்று, மற்றக் காலத்துக்கு ஒன்று என்று வைத்தார்கள். ஆண்டு முழுவதும் ஆட வேண்டிய நாட்டில் மண்ணும் வானமும் சொன்ன வடிவமைப்பு அது. அதைக் குறை என்பது அநியாயம்.

மேட்டுநிலம்:
அன்றைக்கு அது சரி. இன்று வெயிலைத் தாங்கும் பென்ட் வகைகள் வந்துவிட்டன, வடிகாலும் மேம்பட்டிருக்கிறது. ஹியோகோ மாநிலம் மிகியில் உள்ள ஹிரோனோவைப் பாருங்கள். 1932-ல் திறந்த அலிசனின் மைதானம். குளங்களையும் ஓடைப் பள்ளங்களையும் நிரவாமல், அவற்றின் குறுக்கே அடிக்கும்படி குழிகளை அமைத்தார். போர்க்காலத்தில் விமானத்தளமாகிச் சிதைந்த அந்த இடத்தை 2019-ல் வடிவமைப்பாளர் மார்ட்டின் எபர்ட் அலிசனின் வடிவுக்கே திருப்பினார். அங்கே ஒரே கிரீன்தான். குழியின் ஒவ்வொரு வளைவும் அதை நோக்கித்தான் போகிறது.

ஓடைக்கரை:
நீங்கள் இருவருமே மைதானத்துக்குக் கீழே இருக்கும் ஊரை மறந்துவிட்டீர்கள். ஜப்பானில் மலையடிவாரக் கிராமங்கள் கோல்ஃப் மைதானங்களின் மருந்து கலந்த நீரை எதிர்த்துப் போராடிய பிறகே, 1990-ல் சுற்றுச்சூழல் முகமை அதற்கு வழிகாட்டு வரம்பு கொண்டுவந்தது. வெப்பமான ஊரில் பென்ட் புல்லை மட்டும் நம்பினால் பூஞ்சைக்கொல்லி கூடும். அந்தத் தண்ணீர் யாருடைய வயலுக்குப் போகிறது?

மேட்டுநிலம்:
நியாயமான கவலை. ஆனால் இரண்டு கிரீன் என்றால் பராமரிக்கும் பரப்பும் கூடுகிறதே?

வெயில்காலம்:
பரப்பு கூடும், ஆனால் ஆவணி வெயிலில் நோயுற்ற பென்ட் கிரீனில் ஆளை நடக்கவிடாமல் ஓய்வு கொடுக்கலாம். ஒரே கிரீன் வைத்திருப்பவருக்கு அன்று மருந்தைத் தவிர வேறு வழி ஏது?