சாரன் கடைக்கு வந்த கூகுள்பொட்

மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்கும் ஒரு நானாவுக்கு நான்தான் இணையத்தளம் செய்து கொடுத்தேன். ஒரு நாள் இரவு கோல் எடுத்தார். "தம்பி, 'வட்ஸ்அப்-ஓடர்' எண்டு ஒரு பக்கம் நம்மட சைட்ல இரிக்கா? கூகுள் அதக் காணல்லண்டு சொல்லுது."

அப்படி ஒரு பக்கம் நான் செய்யவே இல்லை. கூகுள் தேடலில் சைட் எப்படி நிற்கிறது என்று காட்டும் சேர்ச் கொன்சோலைத் திறந்தால், 404 (பக்கம் இல்லை) பட்டியலில் அதோடு 'போன்-கிளிக்', 'விலை-பார்த்தார்' என்று வரிசையாக நிற்கின்றன. யாரோ சைட்டுக்குள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் அந்த முகவரிகளுக்கு ஒருவரும் வந்த தடமே இல்லை. வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் பதிந்து வைக்கும் சேர்வர் லொக்கை இறக்கிப் பார்த்தபோதுதான் ஆள் பிடிபட்டது: கூகுள்பொட், தேடலுக்காகச் சைட்களைச் சுற்றி வாசிக்கும் கூகுளின் தானியங்கி.

பெயர்களை இன்னொரு தடவை வாசித்ததும் விளங்கிவிட்டது. எல்லாம் நான் வைத்த பெயர்கள்! யார் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று எண்ண எழுதிய டேக்கில் (பக்கத்தோடு ஓடும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல்), ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பக்க முகவரியில் வருவது போல ஒரு சாய்கோடு (/) போட்டிருந்தேன். பழைய அனலிட்டிக்ஸ் காலத்துப் பழக்கம். ஜாவாஸ்கிரிப்டுக்குள் முகவரி மாதிரி ஏதாவது கிடந்தால் கூகுள்பொட் அதையும் போய்த் தட்டிப் பார்க்கும்.

சரி, 404 பக்கத்திலும் டேக் இருக்கிறதே, அனலிட்டிக்ஸ் ஏன் காட்டவில்லை? தெரிந்த பொட்களை இப்போதைய அனலிட்டிக்ஸான ஜிஏ4 தானாகவே கழித்துவிடுகிறது, அதை நிறுத்த வழியும் இல்லை. போதாததற்கு, பக்கத்தின் உள்ளடக்கத்துக்குத் தேவையில்லாத கோரிக்கைகளைக் கூகுள்பொட் அனுப்பாமலே விட்டுவிடலாம். டேக்கின் கண்ணில் பொட் படவில்லை. பொட்டோ டேக்கை வரி வரியாக வாசித்திருக்கிறது.

சாய்கோடுகளை எடுத்துவிட்டேன். 404 வந்தால் மற்றப் பக்கங்களுக்குப் பாதிப்பில்லை என்று கூகுளே சொல்கிறது. அதை நானாவுக்கு விளங்கப்படுத்தத்தான் இரண்டு பிளேன்டீ போனது.

பதில்:
பாசிக்குடாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சைட்டை நான் பார்க்கிறேன். எங்கள் லொக்கிலும் கூகுள்பொட் என்று ஒன்று இரவு முழுக்க வந்து போனது. அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். வந்த ஐபி எண்ணுக்கு உரிய பெயரைத் தேடினால் (ரிவர்ஸ் லுக்கப்) அது கூகுள்பொட்.கொம் என்று முடிய வேண்டும், அந்தப் பெயரைத் திருப்பித் தேடினால் அதே ஐபி வர வேண்டும். எங்களுக்கு வந்ததோ ஏதோ ஒரு ஹோஸ்டிங் கம்பெனியின் பெயர். உங்களுடையதைப் பார்த்தீர்களா?

பதில்:
பார்த்தேன் அண்ணன். ஐபி 66.249 என்று தொடங்கியது, இரண்டு பக்கமும் பொருந்தியது. அசல் ஆள்தான். இன்னும் இடைக்கிடை வந்து 'விலை-பார்த்தார்' இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறது.