'ஹே குவாங் துங் சென்': தமிழில் எப்படிச் சொல்லலாம்?

சீன மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். தாவோ தே ஜிங் என்ற பழைய சீனத் தத்துவ நூலின் 4, 56ஆம் அத்தியாய வரிகளிலிருந்து சுருங்கி வந்த இந்த நான்கெழுத்துத் தொடரில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எழுத்துக்கு எழுத்து பார்த்தால், ஒளியைத் தணித்துத் தூசியோடு தூசியாகக் கலந்துவிடுவது. அதற்கு முந்தைய வரிகள் கூர்மையை மழுக்கு, சிக்கலை அவிழ் என்று வருவதால் அடக்கத்தைத்தான் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது, ஆனால் பிற்காலத்தில் அலை அடித்த பக்கம் போகிறவனையும் இதே தொடரால் சொல்கிறார்களே! 'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்று போட்டுப் பார்த்தேன், ஒளியும் தூசியும் காணாமல் போய்விட்டன. எனக்கு அந்தப் படிமம் வேண்டும். சரி, இன்றைய பேச்சில் இது பாராட்டா, குறையா? ஒரே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் தந்தால்கூடப் போதும்.