மறு: கலைச்சொல் தேவை – வைல்டு ரைஸ்: காட்டரிசியா, ஏரிப்புல்லரிசியா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வைல்டு ரைஸ் என்ற அமெரிக்கத் தானியத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பொருளை ஒரு தடவையாவது அடுப்பில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் பொறுத்திருந்தேன். அண்ணன் மகள் அமெரிக்காவின் மினியாபொலிசிலிருந்து வரும்போது அரைக்கிலோ பொட்டலம் ஒன்று கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு வீட்டில் அவளும் நானுமாக, அவர்கள் ஊரில் குளிர்காலத்துக்கு வைக்கிற கோழி சூப்பை அந்த அரிசி போட்டு, பாலும் பாலேடும் சேர்த்து வைத்தோம். சமைத்து முடித்தபோது என் கருத்து உறுதியாகிவிட்டது. காட்டரிசி என்ற சொல்லை நாம் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றக் கூடாது.

> வைல்டு என்றால் காட்டு, ரைஸ் என்றால் அரிசி. ஆகவே காட்டரிசி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. உங்கள் ஊரில் காடு என்றால் வனமாக இருக்கலாம். எங்கள் சேலம் பக்கம் காடு என்றால் வயலுக்கு எதிர்ப்பதம், தண்ணீர் பாயாத மேட்டு நிலம். சோளக்காடு, கடலைக்காடு, மேட்டுக்காடு என்போம். “அப்பா காட்டுக்குப் போயிருக்காரு” என்று ஒரு பிள்ளை சொன்னால் அவர் களை வெட்டவோ ஏர் ஓட்டவோ போயிருக்கிறார் என்று பொருள்.

என் அம்மா ஓமலூர்ப் பக்கத்துக்காரர். மழையை நம்பிச் சோளமும் நிலக்கடலையும், பிற்பாடு மரவள்ளியும் போட்ட குடும்பம். பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, “அம்மா, இது காட்டரிசியாம்” என்றேன். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். “எந்தக் காட்டுல வெளைஞ்சது கண்ணு? மழத்தண்ணியா, கெணத்துப் பாசனமா? புழுதி வெதப்பா?” என்று கேட்டார். அது ஏரித் தண்ணீருக்குள் நின்று விளைகிற பயிர் என்று சொன்னதும், “அப்பறம் எதுக்குக் காட்டரிசிங்கறீங்க?” என்றார். ஒரு கலைச்சொல் அதன் பொருளுக்கு நேர் எதிரான இடத்துக்கு ஒருவரை இட்டுச் செல்கிறது என்றால், அது கொங்கிலும் சேலத்திலும் மட்டும்தானே என்று தள்ளிவிட முடியாது. நாம் சொல் தேடுவது அரிசியைப் பற்றி. அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் உழவர்கள்.

சரி, செடியைப் பார்ப்போம். இதன் தாவரப் பெயர் சிசேனியா பலஸ்ட்ரிஸ். பலஸ்ட்ரிஸ் என்றாலே சதுப்பில் வளர்வது என்று பொருள். வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் தானே முளைத்து, தானே விதை சிந்தி, மறு ஆண்டும் முளைக்கும் புல் இது. அந்த மண்ணின் ஓஜிப்வே மக்கள் இதை மனூமின் என்கிறார்கள். இரண்டு பேர் படகில் போவார்கள். ஒருவர் கோல் ஊன்றிப் படகைத் தள்ளுவார். மற்றவர் ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் சாய்த்து இன்னொரு குச்சியால் மெல்லத் தட்டுவார். விளைந்தது படகில் விழும், விளையாதது கதிரிலேயே நிற்கும், கொஞ்சம் தண்ணீரில் விழுந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகும். கரைக்குக் கொண்டுவந்து வறுத்து, மிதித்து, புடைத்து எடுப்பார்கள். மினசோட்டா மாநிலம் 1977இல் இதைத் தன் மாநிலத் தானியமாக அறிவித்தது. இவ்வளவிலும் காடு எங்கே வருகிறது?

> இது ஒரைசா பேரினமே அல்ல. எனவே ‘அரிசி’ என்று முடிவதே தவறு. புதிய வேர்ச்சொல் வேண்டும்.

நெல்லின் பேரினம் அல்ல என்பது உண்மை. ஆனால் தமிழில் அரிசி என்ற சொல் என்றைக்கு ஒரைசாவுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது? தினையரிசி, சாமையரிசி, மூங்கிலரிசி என்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி, வெட்பாலை அரிசி, ஏலரிசி என்று கேட்டு வாங்குகிறோம். உமியோ தோலோ நீங்கிய உள்மணி அரிசி, அவ்வளவுதான். ஏலக்காய்க்குள் இருப்பது அரிசி என்றால் இதுவும் அரிசிதான்.

இதற்கு எங்கள் ஊரைவிட நல்ல சாட்சி கிடையாது. சேலத்தைச் சுற்றி ஆலை ஆலையாக உருட்டுகிறார்களே ஜவ்வரிசி, அது மணியே அல்ல. மரவள்ளிக் கிழங்கின் மாவு. முதலில் மலேயாப் பக்கமிருந்து வந்தது சாகு என்னும் பனை வகையின் தண்டுச் சோற்றில் செய்தது. சவ்வரிசி என்ற பெயர் அங்கிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வரத்து நின்றபோது சேலத்தில் மரவள்ளியில் செய்யத் தொடங்கினார்கள். உள்ளே இருந்த பொருளே மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. பாயசம் வைப்பவர் ஒருவரும் அதனால் குழம்பிப்போகவுமில்லை. அரிசி என்ற முடிபைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் முன்னால் எதை வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முன்னால் வைக்க நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: புல். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் என்னும் வேட்டுவப் பெண்கள் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். நில உரலில் போட்டுக் குற்றி, கிணற்றின் உவர்நீரில் உலையேற்றி, உப்புக்கண்டத்தோடு சேர்த்துப் புழுக்கலாக்குகிறார்கள். யாரும் விதைக்காமல், உழாமல் கிடைத்த புல்லின் மணி. ‘வைல்டு’ என்பதில் நாம் தேடுகிற பொருளும் அதுதானே? தானாய் விளைந்தது. புல்லரிசி என்ற ஒரே சொல்லுக்குள் அது முழுதாக இருக்கிறது. படகிலிருந்து கதிரைத் தட்டுகிற ஓஜிப்வே பெண்ணையும் கரம்பைக் கிளறுகிற எயிற்றியையும் ஒரே சொல்லில் நினைக்க முடிவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் வெறும் புல்லரிசி போதாது. எயிற்றியர் எடுத்தது வறண்ட நிலத்துப் புல், இது நீரில் நிற்பது. ஆகவே ஏரியைச் சேர்த்து, செடியை ஏரிப்புல் என்றும் மணியை ஏரிப்புல்லரிசி என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. ஏரியரிசி என்று சுருக்கலாமே என்று ஒரு தோழி தனிமடலில் கேட்டார். அப்படிச் சொன்னால் ஏரிப் பாசனத்தில் விளைந்த சாதாரண அரிசி என்றுதான் காதில் விழும். நீரரிசி என்றால் ஊறவைத்த அரிசி. புல் என்பதை நடுவிலிருந்து எடுக்க முடியாது.

இந்தச் செடியின் தம்பி முறை ஒன்று, சிசேனியா லட்டிஃபோலியா, மணிப்பூரில் லோக்தாக் ஏரிப் பக்கம் வளர்கிறது. ஒரு பூஞ்சை தொற்றிப் பருத்த அதன் தண்டை அங்கே இஷிங் கம்போங் என்று காய்போல் தின்கிறார்கள். செடிக்கு ஏரிப்புல் என்று பெயர் வைத்தால் அதற்கும் இடம் இருக்கும். காட்டரிசி என்று வைத்தால் அரிசியே எடுக்காத அந்தச் செடியை என்னவென்று எழுதுவோம்?

இன்னொன்று. காட்டுநெல் என்ற சொல் வேறோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. ஒரைசா நிவாரா, ஒரைசா ரூஃபிபோகன் போன்றவைதான் நம் நெல்லின் உண்மையான காட்டு உறவுகள். ஐ.ஆர். 36 நெல் ரகத்துக்குப் புல்குட்டை நச்சுயிர் நோயைத் தாங்கும் குணம் ஒரைசா நிவாராவிலிருந்துதான் வந்தது. வேளாண் மாணவர்கள் அவற்றைக் காட்டுநெல் என்று எழுதும்போது, உமி நீக்கினால் அது காட்டரிசிதான். ஒரே பெயரை இரண்டு பேரினங்களுக்கு நாமே ஏன் கொடுக்க வேண்டும்?

> கருப்பாகத்தானே இருக்கிறது? கருப்புக் கவுனி என்று போட்டுவிட்டால் மக்களுக்குப் புரியும், கடையிலும் கிடைக்கும்.

இதைத்தான் அடுப்பில் சோதித்தோம். பாதி சூப்பில் இதையும் பாதியில் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கவுனியையும் போட்டோம். கவுனி நல்ல அரிசி, எனக்கு உயிர். ஆனால் அதன் தவிட்டு நிறம் பாலில் இறங்கி சூப் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது, அரிசியும் ஒட்டிக் குழைந்தது. ஏரிப்புல்லரிசி ஒட்டவில்லை. ஊசிபோல் நீண்ட மணி வெடித்து, உள்வெள்ளை தெரிய இரண்டு பக்கமும் சுருண்டு மலர்ந்தது. வறுத்த வாசமும், நனைந்த வைக்கோல் போன்ற ஒரு மணமும் வந்தது. இரண்டும் வேறு வேறு பொருள்.

பெயர் சமையலைக் கெடுக்கும் என்பதையும் அன்றைக்கே பார்த்தோம். அரிசிதானே என்று முதலில் ஒரு கைப்பிடியைச் சோற்றுக்கு வைப்பதுபோல் குக்கரில் 3 விசில் விட்டேன். திறந்தால் அப்படியே விறைப்பாக இருந்தது. வறுத்துக் காய்ந்த மணி என்பதால் இதற்குத் திறந்த பாத்திரத்தில் நான்கு பங்கு தண்ணீரில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். ஏற்காட்டில் இன்னும் கூட. ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அரிசி என்ற சொல்லுக்கு முன்னால் புல் என்று ஒரு சொல் நின்றால், இது சோற்றரிசி போல வேகாது என்று படிப்பவர் கொஞ்சம் நிதானிப்பார்.

சூப் எப்படி வைத்தோம் என்று கேட்பீர்கள். எலும்போடு 400 கிராம் கோழியை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில், பூண்டும் எஸ்டேட் மிளகும் போட்டு வேகவைத்து, கறியை உதிர்த்து எடுத்துக்கொண்டோம். வெங்காயம், கேரட், காளான் மூன்றையும் 50 கிராம் வெண்ணெயில் வதக்கி, 3 மேசைக்கரண்டி மைதா தூவி, பச்சை வாசம் போக வறுத்தோம். இந்த இடத்தை அவசரப்படுத்தக் கூடாது. வெண்ணெய் ஒவ்வொரு மாவுத் துகளையும் பூசிப் பிரித்து வைப்பதால்தான் பிறகு கட்டி தட்டுவதில்லை. கோழிச்சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கி, கெட்டிப்பட்டதும் கறியையும் வெந்த அரிசியையும் சேர்த்து, கடைசியில் 400 மில்லி பாலும் 100 மில்லி பாலேடும் விட்டோம். அதற்கப்புறம் தளதளவென்று கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் போதும். செலரிக்குப் பதில் கொத்தமல்லித் தண்டு, தைம் இலைக்குப் பதில் இரண்டு ஓமவல்லி இலை. அண்ணன் மகள் முகர்ந்துவிட்டு, ஏறக்குறைய அதே வாசம் என்றாள்.

அரிசியைத் தனியாக வேகவைத்ததற்குக் காரணம் உண்டு. சேர்த்தே வைத்தால் சாற்றையெல்லாம் அது குடித்துவிடும். மிச்சம் வைத்தது மறுநாள் காலையில் கூழ் பதத்துக்கு வந்திருந்தது. அம்மா அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார்.

இழையில் வந்த மற்றச் சொற்கள் பற்றிச் சுருக்கமாக. சூப்புக்கு வடிசாறு என்று ஒரு சொல் வந்தது. சூப் அப்படியே இருக்கட்டும், தள்ளுவண்டி ஆட்டுக்கால் சூப்புக்கு வடிசாறு என்று பலகை எழுதச் சொல்ல நான் வரமாட்டேன். ‘கிரீமி’ என்பதற்குக் கொழகொழ வேண்டவே வேண்டாம், அது வெண்டைக்காய்க்கு. பாலேட்டுக் குழைவு என்று எழுதினால் ருசியும் பதமும் இரண்டும் வந்துவிடுகின்றன. வெண்ணெயில் மாவு வறுப்பதற்குத் தனிப் பெயர்ச்சொல் கேட்டவருக்கு: ‘வெண்ணெயில் மாவை வறுத்து’ என்ற வினையே போதும்.

> மினசோட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் இப்போது பாத்தி கட்டிப் பயிரிடுகிறார்களே, இன்னும் என்ன ‘வைல்டு’?

சரியான கேள்வி. காட்டு என்ற முன்னொட்டு அந்தப் பொட்டலங்களுக்குப் பொய்யாகிவிடுகிறது. ஏரிப்புல் என்பது செடியின் பெயர். அது தானாய் முளைத்தாலும் நீர் கட்டிய பாத்தியில் விதைத்தாலும் ஏரிப்புல்தான். தானாய் விளைந்ததைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தான்விளை ஏரிப்புல்லரிசி’ என்று எழுதலாம்.

அம்மாவிடம் இந்தப் பெயரையும் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை மழையா கிணறா என்று கேட்கவில்லை. “ஏரிக்குள்ள புல்லு, அதுல அரிசி. அறுக்க எப்படி எறங்குவாங்க?” என்றார். படகைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

பட்டியலில் இப்படிப் போடலாமா: ஏரிப்புல் (செடி), ஏரிப்புல்லரிசி (மணி), காட்டுநெல் (ஒரைசாவின் பயிரிடாத இனங்கள் மட்டும்). காவிரிக் கடைமடையிலும் தாமிரபரணிப் பக்கமும் இருப்பவர்கள், உங்கள் ஊரில் காடு, ஏரி, புல் மூன்றும் எப்படிக் காதில் விழுகின்றன என்று அவசியம் எழுதுங்கள். சனிக்கிழமை வரை பார்த்துவிட்டு ஏற்றுகிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து