மறு: ‘காப் நம்பர்’ – காவலர் எண்ணா, பிடியெண்ணா?

அன்புள்ள குழுவினருக்கு,

கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் நோவகோவ்ஸ்கி பற்றிய கட்டுரையில் சேர்வியல் ஆட்டங்கள் பகுதி (குவியல்களிலிருந்து மாறி மாறிக் காய் எடுக்கும் நிம் வகையறா) ஓரளவு முடிந்துவிட்டது. கோட்டுருவியல் பகுதியில் (கோட்டுரு என்பது முனைகள் எனும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகள் எனும் கோடுகளும்), திருடன் போலீஸ் ஆட்டத்தின் ‘காப் நம்பர்’ போன்ற சொற்களுக்குத் தமிழ் தேடுவதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

> ‘காவலர் எண்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் கலைக்கூடக் கணக்கில் ஓரிடத்தில் நின்றபடியே கூடம் முழுவதையும் கண்காணிப்பவர்களுக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கும். இங்கே போலீஸ் காவல் காப்பதில்லை, துரத்துகிறது. முதலில் போலீஸ்காரர்கள் முனைகளைத் தேர்ந்துகொள்வார்கள், அப்புறம் திருடன். பிறகு மாறி மாறி, விளிம்பு வழியே அடுத்த முனைக்கு நகரலாம், நகராமலும் இருக்கலாம். யார் எங்கே நிற்கிறார் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. திருடனைக் கட்டாயம் பிடிக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் அந்த எண். மரத்துக்கு (சுழற்சியே இல்லாத இணைந்த கோட்டுரு) ஒருவர் போதும். நான்கு முனைச் சுழற்சியில் ஒருவர் ஆயுள் முழுக்க ஓடினாலும் பிடிக்க முடியாது, இருவர் வேண்டும். இணைந்த சமதளக் கோட்டுரு (விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரையத்தக்கது) எவ்வளவு பெரிதானாலும் மூவர் போதும் என்று கணிதர்கள் ஐக்னரும் ஃப்ரோமும் 1984இல் நிறுவினார்கள். அளப்பது பிடிப்பதை என்பதால் ‘பிடியெண்’ என்கிறேன்.

> கார்னர் = மூலை

இது வேண்டாம். படத்தில் அந்த முனை மூலையில் இருக்க வேண்டியதே இல்லை. திருடன் அதில் நிற்கும்போது அவன் போகக்கூடிய முனைகள், நிற்கும் முனை உட்பட, எல்லாவற்றையும் போலீஸ் வேறொரு முனையிலிருந்து ஒரே நகர்வில் எட்டிவிடும். ‘சிக்குமுனை’ எப்படி? சிக்குமுனைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போய் ஒற்றை முனையில் முடிக்க முடிந்தால், அப்போது மட்டுமே பிடியெண் 1. 1983இல் நோவகோவ்ஸ்கியும் விங்க்ளரும் வெளியிட்டது இதைத்தான். அதற்கு முன்பே பிரான்சில் கில்லியோவும் தனியே கண்டிருந்தார், கட்டுரையில் அவர் பெயர் விடுபடக் கூடாது.

ஆடுபுலி ஆட்டத்தை உவமையாகச் சேர்க்கும் யோசனையும் வந்திருக்கிறது. அதில் ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும், புலி தாண்டி வெட்டும். இதில் இரண்டும் இல்லை. வாசகரைக் குழப்புவானேன்?

இப்படிச் சிக்குமுனைகளை நீக்கி ஒற்றை முனையில் முடிக்கத்தக்க ‘டிஸ்மேன்ட்லபிள்’ கோட்டுருவுக்கு ‘கழற்றத்தக்க கோட்டுரு’ என்று வரைவில் போட்டிருக்கிறேன். ‘பிரி’ என்ற வேரை பார்ட்டிஷனுக்கு (பகுதிகளாகப் பிரிப்பதற்கு) விட்டுவைப்போம். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.