அந்த வெள்ளைப் புள்ளி பன்றிதானா? குறைந்த செலவில் தெர்மல் ஸ்கோப் வாங்கிய கதைகள்

டெக்சஸில் ராத்திரி பன்றி வேட்டைக்குப் போகிற நம் ஆட்கள் இப்போது நாலைந்து பேர் சேர்ந்துவிட்டோம். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். ‘ஆயிரம் டாலருக்குள் எந்த தெர்மல் ஸ்கோப் நல்லது? 300 யார்டு அடிக்கலாமா?’ (புதியவர்களுக்கு: தெர்மல் ஸ்கோப் என்பது துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி. வெளிச்சத்தை இல்லை, சூட்டைப் பார்க்கும். சூடானது திரையில் வெள்ளையாகத் தெரியும்.) பதிலுக்கு முன்னால் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் கதைகளையும் கீழே எழுதுங்கள்.

நான் முதலில் வாங்கியது 256×192 பிக்சல் சென்சார், 25 மி.மீ. லென்ஸ். பெட்டியின் மேல் ‘கண்டறியும் தூரம்’ என்று ஆயிரம் மீட்டருக்கு மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆயிரத்தில் பாதி போனாலும் ஐந்நூறு இருக்குமே என்று மனக்கணக்குப் போட்டேன். கணக்கே தப்பு.

மத்திய டெக்சஸ் மலைக்காட்டில் லானோ பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணை. பண்ணைக்காரர் மானுக்காக விதைத்திருந்த ஓட்ஸைப் பன்றிக் கூட்டம் ஏர் பூட்டி உழுத மாதிரி கிளறிப் போட்டிருந்தது. ‘எத்தனை முடியுமோ அத்தனை எடு’ என்று சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பிப்ரவரி மாதம், ராத்திரி ஒரு மணி இருக்கும். பிக்கப்பின் பின்பக்கம் ட்ரைபாட் போட்டு உட்கார்ந்திருந்தேன். (வண்டிக்குள்ளிருந்து பார்க்க முடியாது. கண்ணாடி வெப்பத்தை விடாது, உங்கள் முகம்தான் மங்கலாகத் தெரியும். இது தெரியாமல் முதல் நாள் ஸ்கோப் பழுது என்று நினைத்தேன்.)

மரவரிசை ஓரம் ஒரு வெள்ளைப் புள்ளி. 250 யார்டு இருக்கும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலியோரமாக மெதுவாக வந்தது. உடம்பு அவ்வளவு பளிச்சென்று இல்லை. சேற்றில் புரண்டு வருகிற பன்றி மங்கலாகத்தான் தெரியும், அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மாறாக, ‘சேறு பூசியிருக்கிறது, பன்றியேதான்’ என்று உறுதியாகிவிட்டது. ஆசை வந்தால் எல்லாமே சாட்சி சொல்லும் போல. ஜூமை எட்டு மடங்கு ஏற்றினேன். பன்றி பெரிதாகவில்லை, கட்டங்கள்தான் பெரிதாயின. சேஃப்டியைத் தள்ளி விரலை ட்ரிகர் பக்கம் கொண்டுபோனேன்.

அந்தப் புள்ளி நின்றது. தலையைத் தூக்கி என் பக்கம் திருப்பியது. முகம் மட்டும் சட்டென்று பளீரென்றது. பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது: வள்!

ஆடுகளுக்குக் காவலாகப் பண்ணைக்காரர் வளர்க்கும் கிரேட் பிரெனீஸ் நாய் அது. அந்த அடர்ந்த ரோமம் உடம்புச் சூட்டை வெளியே விடாது. அதனால் உடம்பு மங்கல், முகம் மட்டும் வெளிச்சம். காலையில் அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார். ‘உன் வண்டியை விட அந்த நாய் எனக்கு முக்கியம்’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்போது விற்கிற ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றின் பிக்சல் அளவு 12 மைக்ரான். 12-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். 100 மீட்டரில் ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்று வரும். 25 மி.மீ. லென்ஸுக்கு 4.8 செ.மீ., 35-க்கு 3.4, 50-க்கு 2.4. நான் பார்த்த 250 யார்டில் என் ஸ்கோப்பின் ஒரு பிக்சல் 11 செ.மீ. அந்த நாயின் உடம்பு மொத்தமே மேலிருந்து கீழாக மூன்று நாலு கட்டம்தான். அதை வைத்துக்கொண்டு நான் இனம் பிரித்தேனாம்!

பெட்டியில் போடும் தூரம் என்பது ‘அங்கே சூடாக ஏதோ இருக்கிறது’ என்று தெரியும் தூரம், அதுவும் ஆள் உயரத்துக்கு. அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் 1958-ல் சொன்ன அளவுகோல் இன்றைக்கும் உதவும். அதைப் பிக்சலில் சொன்னால், ஏதோ இருக்கிறது என்று தெரிய இரண்டு பிக்சல் போதும். இன்ன வகை என்று பிரித்தறிய எட்டு வேண்டும். இன்னதுதான் என்று அடித்துச் சொல்லப் பதின்மூன்று. பெரிய பன்றியின் உடம்பை மேலிருந்து கீழாக 45 செ.மீ. என்று வைத்து எட்டு பிக்சலுக்குக் கணக்குப் பார்த்தால் 25 மி.மீ. லென்ஸ் சுமார் 125 யார்டு, 35 மி.மீ. சுமார் 180, 50 மி.மீ. சுமார் 250. அதுவும் காற்று உலர்ந்திருந்தால்.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் சென்சார் எத்தனை பிக்சல் என்பதே வரவில்லை. 256, 384, 640 எல்லாம் எவ்வளவு அகலம் தெரியும் என்பதற்குத்தான். தூரத்துக்கு லென்ஸ். அதனால் கையில் அளவான பணம், தூரம்தான் வேண்டும் என்றால், 640 சென்சாரில் சின்ன லென்ஸ் வாங்குவதை விட 384 சென்சாரில் 50 மி.மீ. வாங்குங்கள் என்பேன். அதில் அகலம் ஐந்தே கால் டிகிரிதான். 100 யார்டில் எட்டு மீட்டர் சொச்சம். கூட்டம் சிதறி ஓடினால் துழாவ வேண்டியதுதான். தேடுவதற்கு மலிவான கைத் தெர்மல் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறைத்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு யார் வீட்டு மாடு எங்கே படுத்திருக்கிறது என்று தேடுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

என்.ஈ.டி.டி. என்று ஓர் எண் போடுவார்கள், மில்லிகெல்வினில். எவ்வளவு சின்னச் சூட்டு வித்தியாசத்தை ஸ்கோப் பிரித்துக் காட்டும் என்பதன் அளவு அது. குறைய இருந்தால் நல்லது. 25-க்குக் கீழே இருந்தால் மறு யோசனை வேண்டாம்.

மறுமொழி, எல் கேம்போ நெல்வயல் பக்கத்திலிருந்து

அண்ணா, உங்கள் ஊர் மலைக்காட்டில் காற்று உலர்ந்திருக்கும். இங்கே வளைகுடாக் கரையில் அந்த 180-ஐ எல்லாம் மறந்துவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் வரப்பு, புல், தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். திரை முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். மூடுபனி வந்துவிட்டால் நூறு யார்டே பெரிய விஷயம். நீங்கள் ஒரு வரியில் முடித்த அந்த மில்லிகெல்வின் எண் இங்கே வந்தால்தான் எவ்வளவு முக்கியம் என்று புரியும். 40 மில்லிகெல்வின் பழைய ஸ்கோப்பும் 20-க்குக் கீழ் உள்ள புதியதும் ஒரே லென்ஸ்தான், ஆனால் ஈர ராத்திரியில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நான் பட்டது வேறு. தெர்மலில் ஆழம் தெரியாது. பக்கத்துச் சின்னப் பன்றியும் தூரத்துப் பெரிய பன்றியும் ஒரே அளவு. ஒரு ராத்திரி வரப்பில் நின்ற பன்றியை 300 யார்டு என்று தீர்மானித்துவிட்டேன். என் 308 ரைஃபிள் 100 யார்டுக்கு ஜீரோ செய்தது (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்தது), 300-ல் தோட்டா சுமார் 14 அங்குலம் இறங்கும். அதற்கு ஏற்ப உயர்த்திப் பிடித்துச் சுட்டேன். பன்றி ஒரு முறை என்னைப் பார்த்தது, பிறகு சாவகாசமாக மேய்ந்தது. காலையில் நடந்து அளந்தால் 190. அந்தத் தூரத்துக்கு 4 அங்குலம் போதும். முதுகுக்கு மேலே விமானம் விட்டிருக்கிறேன்! அதிலிருந்து ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) இல்லாத தெர்மலைத் தொடுவதில்லை. ஸ்கோப்பிலேயே சேர்ந்து வருவது கட்டுப்படியாகவில்லை என்றால் தனியாக வாங்கிப் பகலிலேயே மரம், கம்பம், ஃபீடர் (தீனி போடும் பெட்டி) எல்லாவற்றுக்கும் தூரம் எடுத்து ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். செலவு குறைந்த வழி இதுதான்.

இன்னொன்று. விலை குறைந்தவற்றில் ஜீரோவைப் பிக்சல் பிக்சலாகத்தான் நகர்த்த முடியும். 35 மி.மீ. லென்ஸில் ஒரு தட்டுக்கு 100 யார்டில் 3 செ.மீ. நகரும். 200-ல் ஆறு. வாங்குமுன் இதைக் கேளுங்கள். கேட்டால் விற்பவர் முழிப்பார், அது வேறு விஷயம். ஜீரோ செய்ய அட்டையில் அலுமினிய டேப் ஒட்டுங்கள், சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும்.

தெற்கு டெக்சஸ் போகிறவர்களுக்கு: ஜாவலினா என்று பன்றி மாதிரியே ஒரு காட்டு விலங்கு உண்டு, அதைப் பன்றி என்று சுட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி வேட்டை விலங்கு, அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, ராத்திரியில் சுடவே கூடாது. பன்றிக்கு வால் தொங்குவது தெரியும், ஜாவலினாவுக்கு வால் இருப்பதே தெரியாது. அந்த வாலைப் பார்க்க எத்தனை பிக்சல் வேண்டும் என்று அண்ணாதான் கணக்குப் போட வேண்டும்.

மறுமொழி, அவுஸ்திரேலியா, விக்டோரியாவிலிருந்து

நான் சுடுவது நரி. மெல்பேணிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு செம்மறிப் பண்ணை, யூன், யூலையில் குட்டி போடும் காலம். பிறந்து ஒரு நாளான குட்டியை நரி கொண்டுபோய்விடும், அதனால் பண்ணைக்காரரே கூப்பிடுவார். இங்கே துவக்குக்கு லைசென்ஸ் எடுப்பது லேசான வேலை இல்லை, அது தனிக்கதை.

உங்கள் கணக்கைப் பார்த்தபின்தான் எனக்கு விளங்கியது ஏன் இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டேன் என்று. நரியின் உடம்பு இருபது செ.மீ.கூட வராது. 35 மி.மீ. லென்ஸில் 200 மீட்டருக்கு மூன்று பிக்சல். முயலும் அப்படித்தான் தெரியும், பூனையும் அப்படித்தான், பயந்து ஒதுங்கிய செம்மறிக் குட்டியும் அப்படித்தான். பெரிய லென்ஸுக்கு என்னிடம் காசு காணாது. பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஒருவர் தகரத்தை மடித்து நடுவில் ஓட்டை போட்ட விசில் ஒன்றைத் தந்தார். வாயில் வைத்து உறிஞ்சினால் முயல் அலறுகிற மாதிரிச் சத்தம். காற்று எதிரே வரும்படி இருந்து விசிலடித்தேன். 200 மீட்டரில் நின்ற புள்ளி ஒருக்கால் நின்றது, பிறகு நேரே என்னை நோக்கி ஓடி வந்தது. 60 மீட்டரில் வால் வடிவாகத் தெரிந்தது, உடம்பில் பாதிக்கு மேல் நீளம். நரியேதான். அந்த விசில் ஒரு கோப்பிக் காசுகூட வராது.

ஒரு கேள்வி

ஆஸ்டினில் எச்1பி விசாவில் இருக்கிறேன். பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, நானும் வரலாமா? ஸ்கோப்பை லீவுக்கு ஊருக்கு எடுத்துப் போகலாமா? எங்கள் கடலைக் காட்டில் பன்றித் தொல்லை தாங்கவில்லை.

முதல் பதிவிட்டவரின் பதில்

தம்பி, இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடவே கூடாது. தெர்மல் ஸ்கோப்பை அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துப் போவதும் ஏற்றுமதிதான், அதற்கு அனுமதி வேண்டும். ஊரில் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் கடலையைத் தின்றாலும் பன்றியை நீங்களாகச் சுட முடியாது, வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

முதலாவது: 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு பன்றி எடுக்க மாநில வேட்டை லைசென்ஸ் தேவையில்லை, உண்மை. ஆனால் உங்களுக்குத் தேவை. எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று. பன்றிக்காக இல்லை, உங்களுக்காக அதை எடுங்கள். அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. போகிற அன்று அந்த ஏரியா கேம் வார்டனுக்கும் (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

நெல்வயல் நண்பருக்கு: வால் இரண்டு மூன்று செ.மீ. தடிமன். 50 மி.மீ. லென்ஸில் 100 மீட்டரில் ஒரே ஒரு பிக்சல். அந்தத் தூரத்துக்கு மேலே வாலைப் பற்றி யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

நான் கடைசியில் 384, 50 மி.மீ. ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பழையது வாங்கும்போது சாதாரணச் சுவரைப் பார்த்து வைத்து, திரையில் அசையாத புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், நாலைந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியும் நான் சுட்டதில் மிகத் தூரமானது 140 யார்டுதான்.

அலுமினிய டேப் யோசனையைப் படித்ததும் ஓர் ஆசை வந்தது. பண்ணைக்காரரிடம் கேட்டு அந்த நாயின் கழுத்துப்பட்டையில் டேப்பைச் சுற்றிவிட்டேன். 80 யார்டில் கழுத்தில் கறுப்புக் கோடு அழகாகத் தெரிந்தது. 250-ல் ஒன்றும் தெரியவில்லை, பட்டை ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த வாரம் போனபோது டேப்பைக் காணோம். ஆடு ஒன்று தின்றுவிட்டதாம்.